பின்பெட்டிக்குப் புத்தாடை

விசயதசமி நாளிலே எங்கள் ஊரில் மோட்டார் வண்டிகளுக்கு நடைபெறும் உபசாரத்தை வாசகர்கள் கண்டிருப்பார்கள். கழுவித் துடைத்த வண்டியின் முகத்திலே சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். முன் கண்ணாடியிலே திருநீற்றுக் குறி பூசுவார்கள். சில்லுகளின் கீழே தேசிக்காய் வைத்து நசிப்பார்கள். ஆனால் வண்டியின் பின்னாலே சென்று, மூடியைத் திறந்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர் மிகச் சிலரே. வீட்டுக்குக் கோடிப்புறம் எப்படியோ, வண்டிக்குப் பின்பெட்டி அப்படி. பேச்சு வழக்கில் ‘டிக்கி’ என்று நாம் சொல்லும் அந்த இடத்தில் வேண்டாத சாமான்களைப் போடுகிறோம், வேண்டிய சாமான்களையும் போடுகிறோம், மூடியை ஓங்கிச் சாத்துகிறோம், அத்துடன் மறந்துவிடுகிறோம்.

நானும் அவ்வாறு மறந்திருந்தவனே. அந்த மறதி எனக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. பாடசாலையிலே விஞ்ஞானம் கற்பிக்கும் ஒருவன் தன் வீட்டு முற்றத்திலே கற்ற பாடம் அது. பின்பெட்டியின் உட்புறத்தைப் பிரித்து, பழுது நீக்கி, புதிய உறை இடும் வேலையைக் குடும்பத்தார் தாமே செய்துகொள்ளலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதனைச் சொல்லும்போது நான் செய்த பிழைகளையும் மறைக்காமற் சொல்வதே முறையாகும்.

நான்கு அங்குலம் அகன்ற வண்டி

எங்கள் வண்டி 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 1974இல் என் தந்தையார் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். மொறிஸ் மைனர் முதன்முதலாக 1948இல் இலண்டன் ஏள்ஸ் கோட் மோட்டார் கண்காட்சியிலே மக்கள் முன் வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே பின்னர் 1959இல் மினி வண்டியையும் ஆக்கியவர். மைனரின் மாதிரி வண்டி செய்து முடிந்த பின்னர், அஃது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. உடனே அதனை நெடுக்காக இரு கூறாக வெட்டுவித்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அந்த அகலத்தையே நிலைப்படுத்தினார். இயந்திர மூடியின் நடுவே இன்றும் காணப்படும் மேடான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாகும். செய்து முடித்த வேலையையும் பிழையென்று கண்டால் வெட்டித் திருத்தத் தயங்காத அந்த மனத்தை எண்ணி வியக்கிறேன். பின்னால் வரும் கதைக்கும் அது பொருந்தும்.

பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தாண்டிய முதலாவது பிரித்தானிய மோட்டார் வண்டியும் இதுவே. 1970களின் தொடக்கத்தில் இதன் உற்பத்தி நின்றுபோயிற்று. எனினும் யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிசும் ஒஸ்ரினும் இன்னும் ஓடுகின்றன. இதற்குப் பழமைமேற் கொண்ட பற்று மட்டும் காரணமன்று. 1990இற்குப் பின் போரும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டைச் சூழ்ந்திருந்த ஆண்டுகளில் புதிய வண்டிகள் வரவில்லை, பெற்றோலும் வரவில்லை. சில துளி பெற்றோல் ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயிலே ஓட்டிய காலம் அது. பழைய வண்டிகளின் எளிய இயந்திரங்களே அத்தகைய வருத்தத்தைத் தாங்கின. பிற்காலத்தில் 2020ஆம் ஆண்டு முதல் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் பாவனைக்குரிய கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. ஆகையால் இருப்பதைப் பேணிக் காப்பது எம்மவர்க்குப் பழகிப்போன ஒழுக்கமாயிற்று.

நனைந்த விடைத்தாள்கள்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம். பத்தாந் தர மாணவரின் விஞ்ஞான விடைத்தாள்கள் முப்பத்தெட்டையும் ஒரு கட்டாகக் கட்டிப் பின்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிரவு மழை விடாமற் பெய்தது. வண்டி முற்றத்திலே நின்றது. கட்டு வண்டியிலே கிடந்தது. மறுநாள் மாலை எடுத்தபோது அடிப்பக்கத்து ஆறு தாள்கள் நீரில் ஊறிக் கனத்திருந்தன.

ஐந்தை மின்விசிறியின் கீழே விரித்து உலர்த்தி ஒருவாறு படித்துவிட்டேன். ஆறாவது தாள் ஒரு மாணவியினுடையது. நீரிற் கரையும் சாய மையுள்ள பேனாவால் அவள் எழுதியிருந்தாள். நான்கு பக்கங்களும் நீல நிறக் குளமாகிவிட்டன. ஓர் எழுத்துத் தெரியவில்லை.

அவ்வேளையில் என் மனத்தில் எழுந்த எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவி வழக்கமாக எழுபது புள்ளி அளவிற் பெறுகிறவள். எழுபது என்று எழுதிவிட்டால் கேட்பார் யார்? அவளும் மகிழ்வாள், நானும் தப்புவேன். கையிலே சிவப்புப் பேனாவும் இருந்தது. ஆனால் அந்த எழுபது அவள் எழுதிப் பெற்றதாகாதே! மறுநாள் அதிபரிடம் நடந்ததைக் கூறி அநுமதி பெற்று, மாணவியை அழைத்தேன்.

“பிள்ளை, உன்னுடைய விடைத்தாள் என் வண்டியிலே நனைந்து பழுதாகிப் போச்சு. பிழை என்னுடையது. நீ விரும்பினால் வேறு வினாத்தாளிலே திரும்ப எழுதலாம்.”

அவள் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றாள். “எழுதுறன் சேர்” என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாட்களின் பின் நூலகத்திலே இருந்து தனியாக எழுதினாள். எண்பத்து நான்கு பெற்றாள். என் ஊகத்திலே கிடந்த எழுபதை எண்ணி நான் வெட்கினேன்.

மேலே போர்த்திய முதல் முயற்சி

பின்பெட்டியைத் திருத்துவதென்று அன்றே முடிவு செய்தேன். குசன் வேலை செய்பவர் ஒருவர் கேட்ட கூலி அதிகமாகத் தோன்றியது. நானே கடையிலே மெல்லிய விரிப்புத் துணி இரண்டு யார் வாங்கினேன். தச்சர் மரத்துக்குப் பூசும் வெண்பசையும் வாங்கினேன். பழைய றெக்சின் உறையைக் கழற்றாமலே, அதன் மேலே பசை பூசித் துணியை ஒட்டினேன். ஒரு சனிக்கிழமை முற்பகலில் வேலை முடிந்துவிட்டது. பார்ப்பதற்கும் அழகாகவே இருந்தது. அயலவர் இருவர் பாராட்டினார்கள்.

தைப்பொங்கலுக்கு முன்னரே அந்த அழகு குலைந்தது. துணி பொருமி எழுந்தது. வெண்பசை நீர் பட்டதும் மீண்டும் பாலாகிக் கசிந்தது. “இஞ்சாருங்கோ, காருக்குள்ளை ஏதும் செத்துக் கிடக்குதோ?” என்று மனைவி கேட்கும் அளவுக்கு மணமும் எழுந்தது. பூஞ்சணத்தின் மணம் அது. நோயாளியின் உடலைப் பாராமல் மேலே பட்டுச் சால்வையைப் போர்த்திய வைத்தியனைப் போலானேன்.

ஐயாவின் கேள்வி

என் தந்தையார் எண்பதைத் தாண்டியவர். திண்ணையிலே சாய்மனைக் கதிரையில் இருந்தபடி நான் துணியைப் பிய்த்து எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, தண்ணி எங்காலை வருகுதெண்டு பாத்தனியோ?”

“எல்லா இடமும் ஈரமாய்த்தான் கிடக்கு, ஐயா.”

“ஈரம் கிடக்கிற இடம் வேறை, தண்ணி வாற இடம் வேறை.”

இருபது ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பிப்பவன் கேட்டிருக்க வேண்டிய முதற் கேள்வி அதுவே. நான் கேட்கவில்லை. நீர் ஓரிடத்திலே புகுந்து, தகட்டின் மடிப்பு வழியாக ஓடி, வேறோரிடத்திலே தேங்கும். தேங்கிய இடத்தைத் திருத்துவதாற் பயனில்லை.

நீர் புகும் வழியைக் கண்டறிய இரண்டு எளிய சோதனைகள் உண்டு. முதலாவதற்குப் பாடசாலைச் சோக்கட்டியே போதும். மூடியைச் சுற்றியுள்ள இறப்பரின் மேலே சோக்கை நன்றாகத் தேய்த்து, மூடியைச் சாத்தித் திறவுங்கள். இறப்பர் அழுந்தும் இடமெல்லாம் எதிர்த் தகட்டிலே வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்த இடத்தில் இறப்பர் தொடவில்லை என்பது பொருள். இரண்டாவதற்குப் பழைய பத்திரிகைத் தாள் வேண்டும். ஒரு கீற்றை இடையே வைத்து மூடியைச் சாத்தி, வெளியே இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நன்று. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி உண்டு. பின்னர் பெட்டியின் உள்ளே முழுவதும் தாள்களை விரித்து மூடி, பூவாளியால் மேலே நீர் ஊற்றி, முதலில் நனையும் தாள் எதுவென்று பார்த்தால் ஐயம் நீங்கும். சிலர் சிறு பிள்ளையிடம் மின்சூளைக் கொடுத்துப் பின்பெட்டிக்குள்ளே இருத்தி மூடி, ஒளி தெரியும் இடத்தைப் பார்ப்பார்கள். அதனை ஒருபோதும் செய்யலாகாது. மூடி இறுகிவிட்டாற் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகும்.

எங்கள் வண்டியிலே சோக்குக் கோடு இடப்பக்க மேல் மூலையிலே, பிணைச்சலின் அருகே, ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு அறுந்திருந்தது. ஐயாவிடம் சொன்னேன்.

“அதிலை நான் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டியிருந்தனே. அது எங்கை?” என்றார்.

என் நெஞ்சு சுருக்கென்றது. 2023இலே நான் பழைய இறப்பரைக் கழற்றிப் புதியது இட்டேன். அப்போது அந்த மூலையிலே இறப்பரின் அடியில் சைக்கிள் ரியூப்பிலே வெட்டிய கரிய கீற்று ஒன்று இரண்டாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. யாரோ செய்த அவலட்சணமான வேலை என்றெண்ணி, அதைப் பிய்த்துக் குப்பையிற் போட்டுவிட்டேன். அதை ஏன் ஒட்டினார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அந்தக் கீற்றின் வரலாற்றை ஐயா அன்று சொன்னார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி. வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த நாள். எனக்கு அப்போது பதினைந்து வயது. இந்த வண்டியின் பின்பெட்டியிலே ஒரு மூடை நெல்லும், அம்மாவின் தையல் இயந்திரமும், பாய்களும், பாத்திரங்களும் ஏற்றினோம். மூடி சாத்தவில்லை. ஐயா அதனைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய சன நெருக்கத்திலே வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அந்த இழுவையிலே இடப்பக்கப் பிணைச்சல் வளைந்துவிட்டது. திரும்பி வந்த பின்பு திருத்துவதற்கு ஆளுமில்லை, சாமானுமில்லை. ஆகவே இருந்த சைக்கிள் ரியூப்பை வெட்டி இடைவெளியை நிரப்பினார். இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கீற்று மழையைத் தடுத்து நின்றது. பட்டம் பெற்ற மகன் ஒரு நிமிடத்திலே அதனை எடுத்தெறிந்தான்.

பிரித்தலும் உலர்த்தலும்

சித்திரை விடுமுறையிலே இரண்டாம் முறையாக வேலையைத் தொடங்கினேன். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை பெய்யும் எங்கள் நாட்டில் இந்த வேலைக்குக் கோடையே தகுந்த காலம். முதலிலே மாற்றுச் சில்லு, யக்கி, பலகை ஆகிய அனைத்தையும் வெளியே எடுத்தேன். பழைய உறையைக் கிழித்தெறியாமல், ஓரங்களிலிருந்து மெல்லக் கழற்றினேன். பழைய உறையே புதிய உறைக்கு அச்சாகும். ஆதலால் அதனைச் சிதைத்தல் ஆகாது. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் இடம், வலம், மேல் என்று எழுதிவைத்தேன்.

பக்கச் சுவர்களிலே ஐயா 1978இல் தேயிலைப் பெட்டிப் பலகையை வெட்டிப் பொருத்தி, மேலே றெக்சின் போர்த்தியிருந்தார். பலகையின் பின்புறத்தில் அவர் பென்சிலால் எழுதிய அளவுகள் அங்குலக் கணக்கிலே தெளிவாக இருந்தன. வலப்பக்கப் பலகை இன்னும் உறுதியாக இருந்தது. இடப்பக்கப் பலகை உக்கிப்போயிருந்தது. தளத்திலே அவர் விரித்திருந்த தென்னந்தும்பு மெத்தைதான் பெரிய குற்றவாளி. தும்பு நீரை உறிஞ்சி நாட்கணக்காக வைத்திருக்கும். நீர் புகாத காலத்தில் அது நல்ல மெத்தை. நீர் புகத் தொடங்கியதும் ஈரத்துணியை இரும்பின் மேலே சுற்றியது போலாயிற்று.

எல்லாவற்றையும் எடுத்த பின் மூன்று நாட்கள் மூடியைத் திறந்தபடி வெயிலிலே விட்டேன். ஈரம் முற்றாக நீங்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யலாகாது. தளத்தின் தாழ்ந்த இடங்களில் உள்ள வடிதுளைகளில் அழுக்கு அடைத்திருந்தால் அதனையும் குத்தி நீக்குதல் வேண்டும்.

கறளை நீக்குதல்

இரும்பு கறள்பிடிக்க நீரும் ஒட்சிசனும் ஒருங்கே வேண்டும். மாணவர்கள் இதனை வீட்டிலேயே காணலாம். மூன்று போத்தல்களில் மூன்று ஆணிகளை இடுங்கள். ஒன்றில் வெறுங் காற்றுடன் நீர் உறிஞ்சும் உலர்த்தியை வைத்து மூடுங்கள். இன்னொன்றில் கொதித்து ஆறிய நீரை நிரப்பி மேலே எண்ணெய் ஊற்றுங்கள். மூன்றாவதிற் பாதி நீரை விட்டுத் திறந்து வையுங்கள். ஒரு கிழமையில் மூன்றாவது ஆணியே கறளேறி நிற்கும். அந்த நீரிலே உப்பைச் சேர்த்தாற் கறள் இன்னும் விரைவாகும். கடற்காற்று வீசும் குடாநாட்டில் வண்டிகள் விரைவிற் கறளேறுவதற்குக் காரணம் இதுவே.

தளத்திலே பொருமியிருந்த பூச்சைச் சுரண்டி, கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் தேய்த்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை. மொறிஸ் மைனரின் பெற்றோல் தாங்கி பின்பெட்டித் தளத்தின் கீழே இருக்கிறது. வேறு பல வண்டிகளிலும் அப்படியே. ஆகையால் தீப்பொறி எழுப்பும் மின்கருவிகளை அங்கே பயன்படுத்தாதீர்கள், கையாலேயே தேயுங்கள். ஓட்டை பெரிதாகி வெல்டிங் செய்ய நேரிட்டால், தாங்கியைக் கழற்றிய பின்னரே தொழில் தெரிந்தவரைக் கொண்டு செய்விக்க வேண்டும்.

தேய்த்தும் போகாத கறளுக்குப் பொசுபோரிக்கமிலம் கலந்த கறள் நீக்கி கடைகளிற் கிடைக்கிறது. கையுறை அணிந்து பூசினால், கறளின் மேற்பரப்பு இரும்புப் பொசுபேற்றாக மாறிக் கருநிறமடையும். தனின் கலந்த நீக்கிகளும் உண்டு. தேயிலைச் சாயத்தில் இரும்பாணியைப் போட்டால் நீர் கறுப்பாவதைக் கண்டிருப்பீர்கள். அந்த மாற்றமே இங்கும் நிகழ்கிறது. முற்காலத்தில் எழுதப் பயன்பட்ட அழியா மையும் அதே இரும்பும் தனினும் சேர்ந்து ஆனதே. என் மாணவியின் பேனாவிலே அந்த மை இருந்திருந்தால் அவளுக்கு இரண்டாம் பரீட்சை வந்திராது என்று எண்ணிக்கொண்டேன். உலர்ந்த பின் சிவப்பு ஒட்சைட்டு அடிப்பூச்சு ஒருமுறையும், நிறப்பூச்சு இருமுறையும் பூசி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விட்டேன்.

தேய்த்தபோது பின்தகட்டிலே பெருவிரல் புகும் அளவான ஓட்டையொன்று வெளிப்பட்டது. அதற்குச் சற்றுக் கீழேதான் புகைக்குழாய் முடிகிறது. ஓடும் வண்டியின் பின்னால் அழுத்தம் குறைவதால், வெளியேறிய புகை அத்தகைய ஓட்டைகளாலும் தளர்ந்த இறப்பராலும் மீண்டும் உள்ளே இழுக்கப்படும். அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியின் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணையும். தலையிடியும் சோர்வும் அதன் முதல் அறிகுறிகள். நீண்ட பயணங்களிலே பின்னாசனத்தில் இருக்கும் என் மகள் தலையிடிக்கிறது என்று சொல்வாள். வண்டி ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். காரணம் இதுதான் என்று அறுதியிட்டுக் கூறேன். ஆயினும் அந்த ஓட்டையைக் கண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாளே வண்டியை ரிங்கரிங் வேலை செய்பவரிடம் கொண்டுபோனேன். அவர் முறைப்படி தாங்கியைக் கழற்றி, ஓட்டைக்குத் தகடு பொருத்தி, வளைந்த பிணைச்சலையும் நிமிர்த்தித் தந்தார். தன்னால் இயலும் வேலை எது, இயலாத வேலை எது என்று அறிவதும் கைவேலையின் ஒரு பகுதியே.

அளவெடுத்தலும் ஒட்டுதலும்

துணியை வெட்டுமுன் காகிதத்திலே அச்சு எடுத்தல் வேண்டும். வீட்டிலே சேரும் ஞாயிறு இதழ்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. தாளை இடத்திலே வைத்து, மடிப்புகளை விரலால் அழுத்திக் கோடு விழச்செய்து வெட்டி, திரும்பவும் பொருத்திப் பார்க்க வேண்டும். காகிதத்தில் விடும் பிழைக்கு விலையில்லை. துணியில் விடும் பிழைக்கு விலையுண்டு. சுற்றிலும் ஓர் அங்குலம் மிகையாக விட்டுத் துணியை வெட்டுங்கள். விரிப்புத் துணியின் மயிர் எல்லாத் துண்டுகளிலும் ஒரே பக்கமாகச் சாயும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் ஒரே துணி இரண்டு நிறமாகத் தோன்றும்.

இம்முறை செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் மஞ்சள் நிற இறப்பர்ப் பசையை வாங்கினேன். அதனைத் துணியின் பின்புறத்திலும் பலகையிலும் ஆக இரு பக்கமும் மெல்லிதாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருத்தல் வேண்டும். விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும். பின்பு நகர்த்த முடியாது. ஆதலால் நடுவிலே முதலில் வைத்து, ஓரங்களை நோக்கித் தடவிச் செல்லுங்கள். வெளிவளைவான ஓரங்களிலே மிகைத் துணியிற் சிறு முக்கோணங்களை வெட்டி நீக்குங்கள்; உள்வளைவுகளிலே கீறிவிட்டாற் போதும்; சுருக்கம் விழாது. இந்தப் பசையின் ஆவி எளிதிலே தீப்பற்றும்; மூச்சுக்கும் தீங்கானது. திறந்த வெளியிலே, அடுப்புக்கும் புகைப்பவருக்கும் தூரத்திலே செய்யுங்கள். சிறுவரை அருகில் விடாதீர்கள்.

இடப்பக்கத்துக்குப் புதிய ஒட்டுப்பலகையை ஐயாவின் அளவுப்படியே வெட்டி, இருபுறமும் ஓரங்களிலும் வார்னிஷ் பூசினேன். வலப்பக்கத்துக்கு அவருடைய தேயிலைப் பெட்டிப் பலகையையே திரும்பப் பொருத்தினேன். தளவிரிப்பை மட்டும் ஒட்டவில்லை. இறப்பர்ச் செருப்பின் அடியைப் போல நீர் உறிஞ்சாத நுரைத் தகட்டை அடியிலே வைத்து, மேலே துணியைச் சும்மா விரித்தேன். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். நனைந்தாற் கொடியிலே காயவிடலாம். என் முதல் முயற்சியின் பிழைகளிலே பெரியது, நீர் வரும் இடத்தைப் பாராமல் தளத்தை நிரந்தரமாக மூடியதே.

கடைசியாக இறப்பர். பிணைச்சல் நிமிர்ந்தும் அந்த மூலையிலே சோக்குக் கோடு சற்று மங்கலாகவே விழுந்தது. சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய ரியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இறப்பரின் அடியிலே ஒட்டினேன். கோடு நிறைவாக விழுந்தது.

பசை, துணி, பலகை, பூச்சு, ரிங்கரிங் கூலி எல்லாம் சேர்ந்தும் குசன்காரர் கேட்டதிலே பாதிக்குச் சற்று மேலேதான் சென்றது. விடுமுறையிலே ஒன்பது நாட்கள் சென்றன. மகள் காகித அச்சு வெட்டினாள். மனைவி ஓரங்களை இயந்திரத்திலே தைத்துத் தந்தாள். அந்த இயந்திரம் 1995இலே இதே பின்பெட்டியிற் சென்று திரும்பிய இயந்திரமே.

இந்த ஆண்டு ஐப்பசி மழை தொடங்கிய முதலிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. விடிந்ததும் ஐயா திண்ணையிலிருந்து எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு வண்டியின் பின்னால் வந்து நின்றார். மூடியைத் திறந்தேன். அவர் குனிந்து, இடப்பக்க மூலையிலே கையை வைத்துத் தடவினார். பின்பு தளவிரிப்பைத் தூக்கி அடியிலும் தடவினார்.

“காஞ்சு கிடக்கு” என்றார்.

அந்த மாணவி இப்போது பதினோராந் தரத்திலே படிக்கிறாள். அண்மையில் விடைத்தாட் கட்டுடன் நான் வண்டியருகே சென்றபோது, “சேர், டிக்கி சரியோ?” என்று கேட்டுச் சிரித்தாள். சரிதான் என்றேன். ஆனாலும் கட்டை முன்னாசனத்திலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.